'முடியாது' என்று சொல்பவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும்? அமெரிக்க மேலாண்மை மருத்துவத்தின் வரலாறும் அறக் கேள்விகளும்

முன்னுரை

1933இல் கலிஃபோர்னியாவின் பாலைவனத்தில், கொலராடோ ஆற்று நீரைத் தெற்குக் கலிஃபோர்னிய நகரங்களுக்குக் கொண்டுசெல்லும் பெருங்கால்வாயை ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வெட்டிக்கொண்டிருந்தார்கள். டெசர்ட் சென்டர் என்ற சிற்றூருக்கு அருகே 12 படுக்கைகளோடு ஒரு மருத்துவமனை தொடங்கிய இளம் அறுவை மருத்துவர் சிட்னி கார்ஃபீல்டிடம், ஆணி குத்திய காலோடு வருபவர்கள் ஏராளம். சில காலத்திலேயே அவர் வேலை நடக்கும் இடத்துக்குப் போய், பலகைகளில் நீட்டிக்கொண்டிருந்த ஆணிகளை அடித்து மடக்கச் சொல்லும் மருத்துவராக மாறினார்.

1987இல் லிண்டா பீனோ என்ற மருத்துவர், ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் அலுவலகத்தில் இருந்தபடி, முகமறியாத ஒருவருக்கான இதய அறுவைக்கு அனுமதி மறுத்தார். அந்த மனிதர் இறந்துபோனார். நிறுவனத்துக்கு ஐந்து லட்சம் டாலர் மிச்சமானது. 1996 மே மாதம் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் முன் அமர்ந்து இதை அவரே சொன்னார். அந்தச் சாவுக்காக யாரும் தம்மைக் கேள்வி கேட்கவில்லை என்றும், பணியில் தம்முடைய மதிப்பு உயரவே செய்தது என்றும் அவர் சாட்சியம் அளித்தார்.

இந்த இரண்டு நிகழ்வுகளுக்கும் பின்னால் இருக்கும் பணக்கணக்கு ஒன்றே. நோய் வருமுன்பே ஒரு தொகை கைக்கு வந்துவிடுகிறது. செலவாகாமல் இருப்பது வாங்கியவரிடம் தங்கிவிடுகிறது. அந்தக் கணக்கு ஒருவரை ஆணியைத் தேடிப் போக வைத்தது. இன்னொருவரை மறுப்பில் கையெழுத்திட வைத்தது. இடைப்பட்ட அரை நூற்றாண்டில் என்ன மாறியது என்பதே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருள்.

மேனேஜ்டு கேர் என்று அமெரிக்கர்கள் அழைப்பதை இங்கே மேலாண்மை மருத்துவம் என்று குறிப்பிடுகிறேன். மருத்துவச் செலவுக்குப் பணம் கொடுக்கும் அமைப்பே எந்த மருத்துவரிடம் போகலாம், எந்தச் சிகிச்சை பெறலாம், எத்தனை நாள் படுக்கையில் இருக்கலாம் என்பதையும் நிர்ணயிக்கும் ஏற்பாடு இது. சிகிச்சைக்கு எல்லை வகுப்பதே அறமற்ற செயல் என்ற குற்றச்சாட்டு பலமுறை எழுந்திருக்கிறது. எந்தச் சமூகத்திலும் பணமும் படுக்கையும் மருத்துவரின் நேரமும் அளவுக்குட்பட்டவை என்பதால் அந்தக் குற்றச்சாட்டை அப்படியே ஏற்க முடியவில்லை. எல்லை வகுப்பவர் யார், மிச்சமாகும் பணம் யாருக்குப் போகிறது, மறுப்புக்கு அவர் யாரிடம் பதில் சொல்ல வேண்டும் என்ற மூன்று கேள்விகளில்தான் இந்த வரலாற்றின் அறம் அடங்கியிருக்கிறது என்பது என் முடிபு.

முன்பணமும் கூட்டுறவும்: 1910 முதல் 1945 வரை

1910இல் வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரில் தாமஸ் கரன், ஜேம்ஸ் யோகம் என்ற இரு மருத்துவர்கள் வெஸ்டர்ன் கிளினிக்கை நடத்தினார்கள். மர அறுவை ஆலைகளின் முதலாளிகளோடும் தொழிலாளர்களோடும் அவர்கள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். ஆளுக்கு மாதம் 50 சென்ட் கட்டிவிட்டால் மருத்துவம் கிடைக்கும். ஊர்த் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி போடுவதுபோல, தலைக்கு இவ்வளவு என்று முன்கூட்டியே வசூலித்து, தேவைப்பட்டவருக்குச் செலவிடும் முறை இது. பிற்காலத்தில் மேலாண்மை மருத்துவத்தின் முதுகெலும்பாகிய தலைக்கட்டணத்தின் தொடக்க வடிவங்களில் இதுவும் ஒன்று.

1929 இந்த வரலாற்றில் ஒரு முக்கியமான ஆண்டு. டெக்சஸின் டல்லாஸ் நகரில் பெய்லர் மருத்துவமனையின் நிர்வாகத்தில் இருந்த ஜஸ்டின் ஃபோர்டு கிம்பல், மாதம் 50 சென்ட் கட்டும் பள்ளி ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு 21 நாள் மருத்துவமனைப் பராமரிப்பு என்ற திட்டத்தைத் தொடங்கினார். ப்ளூ கிராஸ் காப்பீட்டின் வேர் அதுதான். அதே ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸில் டொனால்ட் ராஸும் கிளிஃபோர்டு லூஸும் நீர், மின் துறை ஊழியர்களுக்காக முன்பணக் கூட்டு மருத்துவத்தைத் தொடங்கினார்கள். ஒக்லஹோமாவின் எல்க் சிட்டியில், லெபனானிலிருந்து குடியேறிய மைக்கேல் ஷதீத் என்ற மருத்துவர் உழவர்களைத் திரட்டினார். அவர்கள் ஆளுக்கு 50 டாலர் பங்கு வாங்கி எழுப்பிய கூட்டுறவு மருத்துவமனை 1931இல் திறக்கப்பட்டது.

இந்தத் திட்டங்களில், குறிப்பாக ஷதீதின் மருத்துவமனையில், பணம் கட்டியவரும் அமைப்பின் உரிமையாளரும் நோயாளியும் பெரும்பாலும் ஒரே ஊர்க்காரர்கள். மிச்சமாகும் பணம் எங்கே போகிறது என்று கேட்கும் உரிமை உழவருக்கு இருந்தது. மருத்துவர் அவரைச் சந்தையிலும் தெருவிலும் எதிர்கொள்ள வேண்டியிருந்தது.

கார்ஃபீல்டின் கதையும் இதே காலத்தது. தொடக்கத்தில் அவர் கடனில் மூழ்கினார். காப்பீட்டு நிறுவனங்கள் தாமதமாகவே பணம் கொடுத்தன. பெரிய காயங்களைத் தொலைவிலிருந்த நகரத்துக்கு அனுப்பின. அப்போது ஹெரால்டு ஹாட்ச் என்ற காப்பீட்டு அலுவலர் ஒரு வழி சொன்னார். வேலையிடத்துக் காயங்களுக்காகத் தொழிலாளிக்கு நாளொன்றுக்கு 5 சென்ட் வீதம் நிறுவனம் முன்கூட்டியே கொடுத்துவிடும். மற்ற நோய்களுக்கும் கவனிப்பு வேண்டுமென்றால் தொழிலாளி தன் சம்பளத்திலிருந்து இன்னொரு 5 சென்ட் தரலாம். அந்த ஏற்பாட்டுக்குப் பிறகு, காயம் பட்டவர் வருவது மருத்துவமனைக்கு வருமானம் என்ற நிலை மாறி, காயம் படாமல் இருப்பதே வருமானம் என்றானது. 1938இல் கிராண்ட் கூலி அணைத் தொழிலாளர்களுக்கும், 1942இல் ரிச்மண்ட் கப்பல் தளங்களுக்கும் ஹென்றி கைசரின் துணையோடு இந்த முறை விரிந்தது. 1945இல் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டு, கைசர் பெர்மனன்டே என்று இன்று அறியப்படும் அமைப்பாக வளர்ந்தது.

மருத்துவர் சங்கத்தின் எதிர்ப்பு

இவற்றை மருத்துவத் தொழில் வரவேற்கவில்லை. மருத்துவச் செலவு குறித்த தேசியக் குழு 1932இல் தன் இறுதி அறிக்கையை வெளியிட்டது. மருத்துவர்கள் குழுவாகப் பணியாற்றுவதையும் முன்பண முறையையும் அதன் பெரும்பான்மை உறுப்பினர்கள் பரிந்துரைத்தனர். அமெரிக்க மருத்துவர் சங்கத்தின் இதழ் அதைச் சோஷலிசம், கம்யூனிசம் என்று சாடியது. எல்க் சிட்டியில் மாவட்ட மருத்துவர் சங்கம் தன்னையே கலைத்துவிட்டு, ஷதீத் ஒருவரை மட்டும் விலக்கிப் புதிதாக அமைந்தது. ராஸும் லூஸும் தங்கள் சங்கத்திலிருந்து நீக்கப்பட்டார்கள்.

தலைநகர் வாஷிங்டனில் கூட்டாட்சி வீட்டுக்கடன் வங்கி ஊழியர்கள் 1937இல் குரூப் ஹெல்த் அசோசியேஷன் என்ற அமைப்பைத் தொடங்கினர். அதில் பணியாற்றிய மருத்துவர்களுக்கு நகர மருத்துவமனைகளின் கதவுகள் அடைக்கப்பட்டன. அரசு வழக்குத் தொடுத்தது. மருத்துவர் சங்கம் தொழில் போட்டியைத் தடுத்த குற்றவாளி என்ற தீர்ப்பை 1943இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. அபராதம் 2,500 டாலர்தான். ஆனால் முன்பண மருத்துவத்தை ஒடுக்கும் உரிமை சங்கத்துக்கு இல்லை என்பது நாடறியப் பதிவானது.

சங்கம் சொன்ன காரணம், மருத்துவருக்கும் நோயாளிக்கும் நடுவே மூன்றாமவர் நுழையக் கூடாது என்பது. அதில் தன்னலம் கலந்திருந்தது. செய்யும் ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனியே கட்டணம் வாங்கும் முறையில், தேவையற்ற அறுவைக்கும் காசு உண்டு என்பதைச் சங்கம் பேசவில்லை. ஆயினும் அந்த எச்சரிக்கையில் ஓர் உண்மை இருந்தது. மூன்றாமவர் ஒருநாள் நோயாளியைவிடப் பெரியவராகிவிடக்கூடும் என்ற அச்சத்தை அடுத்த தலைமுறை நேரில் கண்டது.

அரசின் கொள்கையாகிய கதை: 1965 முதல் 1974 வரை

1965இல் முதியோருக்கான மெடிகேரும் ஏழைகளுக்கான மெடிகெய்டும் சட்டமாயின. மருத்துவர்கள் கேட்ட வழக்கமான கட்டணத்தையும் மருத்துவமனைகளின் செலவையும் அரசு கொடுத்தது. 1960இல் நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறத்தாழ 5 விழுக்காடாக இருந்த மருத்துவச் செலவு, 1970இல் 7 விழுக்காட்டை எட்டியது.

இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் மறுவாழ்வுக்காக மினியாபொலிஸில் பணியாற்றிவந்த மருத்துவர் பால் எல்வுட், நோயாளி குணமடைந்து வீடு திரும்பினால் மருத்துவமனைக்கு வருமானம் குறைகிறது என்ற முரணைக் கண்டு வருந்தினார். நோயை வளர்ப்பவருக்குப் பணமும் நலத்தைப் பேணுபவருக்கு நட்டமும் என்ற நிலையை மாற்ற, முன்பண அமைப்புகளை நாடெங்கும் பரப்ப வேண்டும் என்று 1970இல் அதிபர் நிக்சனின் அரசுக்கு யோசனை சொன்னார். அவர் அதற்குச் சூட்டிய பெயரின் சுருக்கமே ஹெச்.எம்.ஓ. நலம் பேணும் அமைப்பு என்று அதற்குப் பொருள்.

1971 பிப்ரவரி 17 அன்று வெள்ளை மாளிகையில் பதிவான ஓர் உரையாடலை இந்தத் துறையில் எழுதுபவர்கள் மறப்பதில்லை. கைசர் அமைப்பைப் பற்றி ஆலோசகர் ஜான் எர்லிக்மன் நிக்சனிடம் விளக்குகிறார்: குறைவான சிகிச்சை தருவதை நோக்கியே அதன் ஊக்கங்கள் எல்லாம் ஓடுகின்றன, எவ்வளவு குறைக்கிறார்களோ அவ்வளவு வருமானம். நிக்சனுக்கு அது பிடித்துப்போனது. மறுநாளே புதிய நலவாழ்வுத் திட்டத்தைக் காங்கிரசுக்கு அனுப்பினார். இத்தனைக்கும் கைசர் திட்டம் லாப நோக்கற்றது. எல்வுட் நலத்தைப் பேணுவதில் கண்ட பயனை, ஆட்சியாளர்கள் சிகிச்சையைக் குறைப்பதில் கண்டார்கள். ஒரே கருவியை இரு தரப்பும் இரு நோக்கில் பார்த்தன. பின்னால் வந்த குழப்பங்களின் விதை இங்கேதான் விழுந்தது.

1973 டிசம்பர் 29 அன்று ஹெச்.எம்.ஓ. சட்டம் கையெழுத்தானது. அரசு மானியமும் கடனும் அளித்தது. 25 பேரோ அதற்கு மேலோ பணியாற்றும் நிறுவனம் ஊழியர்களுக்குக் காப்பீடு தருமானால், அப்பகுதியில் தகுதிபெற்ற ஹெச்.எம்.ஓ. இருக்கும் பட்சத்தில் அதையும் ஒரு தேர்வாக வைக்க வேண்டும் என்றது சட்டம். நோயாளிகளையும் சேர்த்தாக வேண்டும், எல்லோருக்கும் ஒரே சந்தா என்பன போன்ற கடுமையான நிபந்தனைகள் 1976இல் தளர்த்தப்பட்டன.

மருத்துவத்தை முதன்மை நோக்கமாகக் கொள்ளாத ஒரு சட்டம் இதைவிட ஆழமான தடத்தைப் பதித்தது. தொழிலாளர்களின் ஓய்வூதியத்தைக் காக்க 1974இல் இயற்றப்பட்ட எரிசா சட்டம், நிறுவனங்கள் வழங்கும் நலத்திட்டங்கள் மீது மாநிலச் சட்டங்களின்படி இழப்பீடு கேட்பதைத் தடுத்தது. வேலையிடத்துக் காப்பீட்டில் சிகிச்சை மறுக்கப்பட்டு ஒருவர் இறந்தாலும், மறுக்கப்பட்ட சிகிச்சையின் விலையைத் தாண்டி இழப்பீடு பெறுவது அரிதாயிற்று. தொழிலாளியைக் காக்க வந்த சட்டம், தொழிலாளிக்கு மறுப்புச் சொல்பவருக்குக் கவசமானது.

லாபம் நுழைந்த காலம்

1970இல் ஹெச்.எம்.ஓ. உறுப்பினர்கள் ஏறத்தாழ 30 லட்சம் பேர். 1990களின் இறுதியில் 8 கோடியை நெருங்கினார்கள். 1980களில் அரசு மானியம் நின்றதும் முதலீட்டாளர்களின் பணம் அந்த இடத்தை நிரப்பியது. 1990களின் இறுதியில் உறுப்பினர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் லாப நோக்கு நிறுவனங்களில் இருந்தார்கள். 1988இல் நிறுவனக் காப்பீடு பெற்ற ஊழியர்களில் 73 விழுக்காட்டினர் பழைய வகைக் காப்பீட்டில் இருந்தனர். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் அது பத்து விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது. மக்களில் பலருக்கு இந்த மாற்றத்தில் தேர்வே இருக்கவில்லை. முதலாளி எதை வாங்கினாரோ அதுவே கிடைத்தது.

நிறுவனங்கள் கையாண்ட முறைகள் பல. முதல்நிலை மருத்துவர் வாயிற்காவலராக நின்றார். அவருடைய சீட்டு இல்லாமல் நிபுணரைப் பார்க்க முடியாது. அறுவைக்கும் விலையுயர்ந்த சோதனைக்கும் முன் அனுமதி வேண்டும். மருத்துவமனையில் இருக்கும் ஒவ்வொரு நாளையும் தொலைபேசியின் மறுமுனையில் ஒருவர் தணிக்கை செய்தார். மருத்துவரின் ஊதியத்தில் ஒரு பகுதியைப் பிடித்துவைத்து, ஆண்டு முடிவில் செலவு குறைந்திருந்தால் திருப்பித் தந்தார்கள். சிகிச்சைக்காகச் செலவிடும் தொகைக்குக் காப்பீட்டு நிறுவனங்களின் கணக்கேட்டில் 'மருத்துவ இழப்பு' என்று பெயர். ஒருவர் உயிர் பிழைக்கக் கொடுத்த பணத்தை இழப்பு என்று எழுதும் கணக்கில், எதை நோக்கித் துறை நகர்கிறது என்பது வெளிப்படை.

இங்கே மருத்துவரின் அறம் இரண்டாகப் பிளந்தது. தனக்கு எதிரே அமர்ந்திருப்பவரின் நலனே முதன்மை என்பது மருத்துவ அறத்தின் அடிப்படை. நோயாளிக்குத் தன் நோயைப் பற்றி மருத்துவர் அளவுக்குத் தெரியாது என்பதால், மருத்துவச் சந்தை மற்றச் சந்தைகளைப்போல் இயங்காது. நம்பிக்கையே அங்கே முதலீடு என்று பொருளியலாளர் கென்னத் ஆரோ 1963இலேயே விளக்கியிருந்தார். லாபத்துக்காக இயங்கும் மருத்துவப் பெருந்தொழில் உருவாகிவருவதைப் பற்றி 1980இல் எச்சரித்தார் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழின் ஆசிரியர் ஆர்னால்ட் ரெல்மன். மருத்துவரின் பரிந்துரைக்குள் பணக்கணக்கு ஒளிந்திருக்கிறதோ என்று நோயாளி ஐயப்படத் தொடங்கினால், சரியான அறிவுரையும் பயனற்றுப்போகும். சில ஒப்பந்தங்களில் இருந்த வாய்ப்பூட்டு விதிகள், நிறுவனத்தைக் குறைகூறுவதையும், அது பணம் தராத சிகிச்சைகளைப் பற்றி நோயாளியிடம் பேசுவதையும் கட்டுப்படுத்தின. மறுப்பது ஒரு குற்றமென்றால், மறுக்கப்பட்டது என்ன என்பதையே மறைப்பது அதைவிடப் பெரிய குற்றம்.

அதேவேளையில் மேலாண்மை மருத்துவம் எல்லா இடங்களிலும் தரம் குறைந்ததென்று சொல்ல இடமில்லை. 1970களில் ராண்ட் நிறுவனம் தொடங்கிய காப்பீட்டு ஆய்வில், சியாட்டலின் கூட்டுறவு ஹெச்.எம்.ஓ.வில் சேர்க்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிட ஏறத்தாழ 40 விழுக்காடு குறைவாகவே மருத்துவமனையில் அனுமதிக்கப்பட்டனர். பெரும்பாலானவர்களின் உடல்நலத்தில் அதனால் குறை தெரியவில்லை. அவசியமற்ற படுக்கை நாட்கள் எவ்வளவு இருந்தன என்பதை அது காட்டியது. ஆனால் அதே ஆய்வின் இன்னொரு முடிவு கவனிக்கத்தக்கது: ஏழ்மையும் நோயும் சேர்ந்திருந்தவர்களின் நிலை அங்கே பின்தங்கியது. தொலைபேசியில் வாதாடவும் மறுபடி மறுபடி வரிசையில் நிற்கவும் முடிந்தவருக்கு அமைப்பு வேலை செய்தது. முடியாதவரை அது தவறவிட்டது. 1999இல் வெளியான மற்றொரு ஆய்வில், 14 தரக் குறியீடுகள் அனைத்திலும் முதலீட்டாளர்களுக்குச் சொந்தமான ஹெச்.எம்.ஓ.க்கள் லாப நோக்கற்றவற்றைவிடக் குறைந்த மதிப்பெண் பெற்றன. முன்பணம் என்ற முறையைவிட, மிச்சம் யாருக்கு என்பதே தரத்தோடு நெருங்கிய உறவு கொண்டிருந்தது.

நீதிமன்றங்களில் எழுந்த கேள்விகள்

பதில் சொல்ல வேண்டியவர் யார் என்ற கேள்வி வழக்குகளில் கூர்மையடைந்தது. 1986இல் கலிஃபோர்னிய மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு ஒன்றில், அறுவைக்குப் பின் இன்னும் 8 நாள் மருத்துவமனையில் இருக்க மருத்துவர் அனுமதி கேட்டார். மாநில மருத்துவத் திட்டம் 4 நாள்தான் கொடுத்தது. வீடு திரும்பிய பெண்ணின் கால் பின்னர் அகற்றப்பட்டது. திட்டம் பொறுப்பல்ல என்று தீர்ப்பானது. எதிர்ப்புத் தெரிவிக்காமல் வீட்டுக்கு அனுப்பிய மருத்துவர் தன் பொறுப்பைப் பிறர்மேல் தள்ள முடியாது என்றும் நீதிமன்றம் கூறியது. நோயாளிக்காக வாதாடுவதும் மருத்துவக் கடமையில் சேர்ந்தது என்பது இதன் பொருள்.

1992இல் லூசியானாவிலிருந்து வந்த வழக்கு இன்னும் துயரமானது. ஆபத்தான கர்ப்பம், மருத்துவமனையில் வைத்துக் கண்காணிக்க வேண்டும் என்றார் மருத்துவர். தணிக்கை நிறுவனம் அதை மறுத்து, நாளுக்கு 10 மணிநேரம் வீட்டுக்கு ஒரு செவிலியரை அனுப்பியது. செவிலியர் இல்லாத நேரத்தில் குழந்தை வயிற்றுக்குள்ளேயே இறந்தது. நிறுவனம் எடுத்தது மருத்துவ முடிவுதான் என்று ஏற்றுக்கொண்ட மேல்முறையீட்டு நீதிமன்றம், எரிசா சட்டம் குறுக்கே நிற்பதால் பெற்றோருக்கு நிவாரணம் தர இயலாது என்றது. தவறு நடந்திருந்தாலும் தட்டிக்கேட்க வழியில்லை என்று ஒரு நீதிமன்றமே எழுத வேண்டிய நிலை அது.

நேர் எதிரான பாடமும் உண்டு. மார்பகப் புற்றுநோய்க்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையை மறுத்த ஒரு ஹெச்.எம்.ஓ.மீது, 1993இல் கலிஃபோர்னிய ஜூரி 8.9 கோடி டாலர் விதித்தது. அந்தப் பெண் தீர்ப்புக்கு முன்பே இறந்திருந்தார். அதன்பின் பல நிறுவனங்கள் அந்தச் சிகிச்சைக்கு அனுமதி தரத் தொடங்கின. 1999இல் வெளியான ஆய்வுகள், வழக்கமான மருந்துச் சிகிச்சையைவிட அது மேலானதல்ல என்று காட்டின. சாதகமான முடிவைச் சொன்ன ஒரே ஆய்வு மோசடி என்று பின்னர் வெளிப்பட்டது. மறுத்தவர் சொன்னது அறிவியல்படி சரியாகவே இருந்திருக்கலாம். ஆனால் காசுக்காகத்தான் மறுக்கிறார்கள் என்று மக்கள் நம்பிவிட்ட பிறகு, சரியான மறுப்பையும் யாரும் ஏற்பதில்லை. நம்பிக்கை சிதைந்ததன் விலையை, பயனற்ற கொடிய சிகிச்சைக்கு உடலைக் கொடுத்த பெண்கள் செலுத்தினார்கள்.

2000இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கில், வயிற்றுவலியோடு வந்த பெண்ணை, ஹெச்.எம்.ஓ. நடத்தும் தொலைவான மையத்தில் ஸ்கேன் எடுக்க மருத்துவர் 8 நாள் காத்திருக்க வைத்தார். அதற்குள் குடல்வால் வெடித்தது. செலவு குறைந்தால் மருத்துவர்களுக்கே ஆண்டு இறுதியில் பங்கு வரும் அமைப்பு அது. சிகிச்சைக்கு எல்லை வகுப்பது ஹெச்.எம்.ஓ.வின் இயல்பு, நாட்டின் சட்டமே ஊக்குவித்த ஓர் ஏற்பாட்டை நீதிமன்றம் கலைக்க முடியாது என்று நீதிபதிகள் ஒருமனதாகக் கூறினர். அறத் தராசை நீதிமன்றம் காங்கிரசின் கையில் திருப்பிக் கொடுத்தது.

மக்களின் எதிர்ப்பும் அரைகுறைத் தீர்வும்

1990களின் நடுவில் பிரசவமான மறுநாளே தாயையும் சேயையும் வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் பரவியபோது மக்களின் சினம் கொதித்தது. சுகப்பிரசவத்துக்கு 48 மணிநேரம், சிசேரியனுக்கு 96 மணிநேரம் மருத்துவமனையில் இருக்கக் காப்பீடு இடம்தர வேண்டும் என்று 1996இல் கூட்டாட்சிச் சட்டம் வந்தது. வாய்ப்பூட்டு விதிகளைப் பல மாநிலங்கள் தடைசெய்தன. மறுக்கும் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுக்கலாம் என்று 1997இல் டெக்சஸ் முதன்முதலாகச் சட்டமியற்றியது. வேலையிடத்துக் காப்பீட்டைப் பொறுத்தவரை அந்த வழியை 2004இல் உச்ச நீதிமன்றம் அடைத்தது. நாடு முழுமைக்குமான நோயாளர் உரிமைச் சட்டம் 2001இல் இரு அவைகளிலும் தனித்தனி வடிவில் நிறைவேறியும், அவை ஒன்றுசேராமல் கைவிடப்பட்டது.

நிறுவனங்களும் பின்வாங்கின. கட்டுப்பாடுகள் தளர்ந்த திட்டங்களுக்கு ஊழியர்கள் மாறினார்கள். மொத்த உற்பத்தியில் 13 விழுக்காட்டு அளவில் பல ஆண்டுகள் நின்றிருந்த மருத்துவச் செலவு மறுபடியும் ஏறியது. இம்முறை அதைத் தாங்கியவர்கள் நோயாளிகள். காப்பீடு தொடங்குமுன் கையிலிருந்து கட்ட வேண்டிய தொகை கூடியது. மருத்துவர் 'முடியாது' என்று சொன்ன இடத்தில், இப்போது பணப்பை அதைச் சொல்கிறது. 2010ஆம் ஆண்டின் நலவாழ்வுச் சட்டம் சுதந்திரமான மறுஆய்வுக்கு நாடெங்கும் வழிசெய்தது. சந்தாப் பணத்தில் 80 அல்லது 85 விழுக்காட்டைச் சிகிச்சைக்கும் தர மேம்பாட்டுக்கும் செலவிட வேண்டும் என்றும் விதித்தது.

வெளிச்சத்தில் வகுத்த எல்லை: ஒரிகான்

மறைவில் மறுப்பதற்கு மாற்று உண்டா என்பதை ஒரிகான் மாநிலம் முயன்று பார்த்தது. 1987இல் அது மெடிகெய்டில் சில உறுப்பு மாற்றுச் சிகிச்சைகளுக்கான நிதியை நிறுத்தியது. மாற்றுச் சிகிச்சை கிடைக்காமல் இரத்தப் புற்றுநோயோடு ஒரு சிறுவன் இறந்தபோது நாடே அதிர்ந்தது. அவசர மருத்துவராகப் பணியாற்றியவரும் மாநில செனட்டின் தலைவருமான ஜான் கிட்ஸ்ஹேபர், எல்லை இருந்தே தீரும் என்றால் அதை எல்லோருக்கும் தெரிய வகுப்போம் என்றார். 1989இல் சட்டம் வந்தது. ஊர்தோறும் 47 கூட்டங்கள் நடத்தி மக்களின் கருத்துகள் கேட்கப்பட்டன. சிகிச்சைகளை வரிசைப்படுத்திய முதல் பட்டியலில் பல்லுக்குத் தொப்பி போடுவது குடல்வால் அறுவைக்கு மேலே வந்துவிட்டது. பிழையை ஒப்புக்கொண்டு திருத்தினார்கள். 1991இல் 709 சிகிச்சைகளை வரிசைப்படுத்தி, 587ஆவது வரை பணம் தருவது என்று கோடு கிழித்தார்கள். மாற்றுத் திறனாளிகளுக்குப் பாதகம் என்ற காரணத்தால் மத்திய அரசு மறுக்க, திருத்தங்களுக்குப் பின் 1994இல் திட்டம் நடைமுறைக்கு வந்தது.

இதில் குறை உண்டு. வரிசையை வகுத்தவர்களில் பலர் அந்த வரிசைக்குள் வாழ வேண்டியவர்கள் அல்லர். ஏழைகளின் சிகிச்சைக்கு மட்டுமே கோடு கிழிக்கப்பட்டது. ஆனாலும் பட்டியல் பொதுவில் இருந்தது, தவறு கண்டுபிடிக்கப்பட்டது, திருத்தப்பட்டது. மூடிய அறையில் எடுத்த முடிவுக்கு இந்த மூன்றும் வாய்ப்பதில்லை.

மெய்யியலாளர் நார்மன் டேனியல்ஸும் மனநல மருத்துவர் ஜேம்ஸ் சாபினும் 1997இல் முன்வைத்த கோட்பாடு இங்கே பொருந்துகிறது. எது நியாயமான பங்கீடு என்பதில் மக்கள் ஒருமித்துவிட மாட்டார்கள். ஆகவே முடிவெடுக்கும் முறையாவது நியாயமாக இருக்க வேண்டும் என்றார்கள் அவர்கள். காரணங்கள் வெளிப்படையாகச் சொல்லப்பட வேண்டும். அவை பொருத்தமானவை என்று பாதிக்கப்படுபவரும் ஏற்கக்கூடியவையாக இருக்க வேண்டும். மறுத்ததை மறுபரிசீலிக்க வழி வேண்டும். இவை நடக்கின்றனவா என்று கண்காணிக்க ஓர் அதிகாரம் வேண்டும்.

இன்றைய நிலையும் நம் பக்கத்துப் படிப்பினையும்

மேலாண்மை மருத்துவம் பின்வாங்கியதாக 2001இல் எழுதியவர்கள் அவசரப்பட்டுவிட்டார்கள். இன்று மெடிகெய்டு பயனாளிகளில் பெரும்பான்மையினர் அதன்கீழ் இருக்கிறார்கள். மெடிகேர் பெறும் முதியோரில் பாதிக்கும் மேற்பட்டோர் 2023இல் தனியார் நிறுவனங்கள் நடத்தும் மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்களில் இருந்தனர். அமெரிக்க நலத்துறையின் தலைமைத் தணிக்கையர் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அத்திட்டங்கள் மறுத்த முன் அனுமதிக் கோரிக்கைகளில் 13 விழுக்காடு, மெடிகேர் விதிகளின்படி கொடுத்திருக்க வேண்டியவை. மறுக்கும் வேலையைக் கணினி நிரல்கள் செய்யத் தொடங்கியதும் வழக்குகள் எழுந்தன. சிகிச்சை தேவையா என்ற முடிவை மருத்துவரோ தகுதிபெற்ற மருத்துவப் பணியாளரோதான் எடுக்க வேண்டும் என்று 2024இல் கலிஃபோர்னியா சட்டமியற்றியது. பீனோவுக்காவது ஒருநாள் மனச்சாட்சி உறுத்தியது. நிரலுக்கு அது இல்லை என்பதால், அதை ஏவுபவரிடம் கூடுதல் பொறுப்பைக் கேட்பதுதான் முறை.

தமிழ்நாட்டுக்கும் இந்த வரலாறு அயலானதன்று. 2009இல் தொடங்கிய கலைஞர் காப்பீட்டுத் திட்டமும், 2012இல் அதன் இடத்தில் வந்த முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் ஏழைக் குடும்பங்களுக்குப் பெரிய அறுவைகளை எட்டச் செய்தன. நோயாளியின் கைக்காசு செலவாகாமல் தனியார் மருத்துவமனையிலும் சிகிச்சை பெற முடிவது சிறிய சாதனை அன்று. ஆயினும் காப்பீட்டு நிறுவனம், அனுமதிக்கப்பட்ட மருத்துவமனைகளின் பட்டியல், சிகிச்சைக்கு நிர்ணயித்த தொகுப்புக் கட்டணம், முன் அனுமதி என்று அவற்றின் கருவிகள் எல்லாம் மேலாண்மை மருத்துவத்தின் கருவிகளே. கேஷ்லெஸ் சிகிச்சைக் கோரிக்கைக்கு ஒரு மணிநேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று 2024இல் இந்தியக் காப்பீட்டு ஒழுங்காற்று ஆணையம் மருத்துவக் காப்பீடுகளுக்கு விதித்திருப்பது வரவேற்கத்தக்கது. விரைவாகச் சொல்லப்படும் மறுப்புக்குக் காரணமும் சேர்ந்து வர வேண்டும் என்பதே அமெரிக்க அனுபவம் நமக்குத் தரும் எச்சரிக்கை.

முடிவுரை

நூற்றுப்பத்து ஆண்டுகளுக்கு மேலான இந்த வரலாற்றில் முன்பணம் என்ற கருவி மாறவில்லை. அதைப் பிடித்த கைகள் மாறின. உழவர்களின் கூட்டுறவிலிருந்து பங்குச் சந்தைக்கும், மருத்துவமனைக் கட்டிலருகிலிருந்து தொலைதூர அலுவலகத்துக்கும், அங்கிருந்து கணினிக்கும் முடிவெடுக்கும் இடம் நகர்ந்துகொண்டே போனது. ஒவ்வொரு நகர்விலும் மறுப்பவருக்கும் மறுக்கப்பட்டவருக்கும் இடையே தொலைவு கூடியது. பதில் சொல்லும் கடமை தேய்ந்தது.

சீர்திருத்தங்கள் பெரும்பாலும் நோயாளிக்கு மேல்முறையீட்டு உரிமை தருவதோடு நின்றுவிட்டன. அது போதாது என்பதற்குத் தணிக்கையர் 2018இல் சொன்ன கணக்கு ஒன்றே சான்று. 2014 முதல் 2016 வரை மெடிகேர் அட்வான்டேஜ் திட்டங்களின் மறுப்புகளை எதிர்த்து மேல்முறையீடு செய்யப்பட்டவற்றில் ஏறத்தாழ 75 விழுக்காட்டை அத்திட்டங்களே மாற்றிக்கொண்டன. ஆனால் மேல்முறையீட்டுக்குப் போனவை மொத்த மறுப்புகளில் 1 விழுக்காடு மட்டுமே. மீதி 99 பங்கில், எதிர்த்திருந்தால் கிடைத்திருக்கக்கூடிய எத்தனையோ சிகிச்சைகள் புதைந்துகிடக்கின்றன. அங்கே இருப்பவர்கள் கீமோ எடுத்துக் களைத்தவர்கள், படிவம் நிரப்பத் தெரியாத முதியவர்கள், இரண்டு வேலைக்குப் போகும் தாய்மார்கள். படுக்கையில் கிடப்பவரே எழுந்துவந்து தன் தேவையை நிரூபிக்க வேண்டும் என்ற ஏற்பாட்டைத் தலைகீழாக்க வேண்டும். மறுப்பவர் தன் பெயரோடும் காரணத்தோடும், நோயாளி கேட்காமலே, ஒரு பொது அதிகாரத்தின் முன் அந்த மறுப்பை நிறுவட்டும். 'முடியாது' என்ற சொல்லின் சுமை அதைச் சொல்பவரின் தோளில் ஏறும்போதுதான், முன்பணக் கணக்கு மறுபடியும் மருத்துவரை ஆணியைத் தேடிப் போகச் செய்யும்.